களஞ்சியத்துக்குள்ளே ஒரு களஞ்சியம்

சப்மாட்யூல்னு சொன்னாலே நிரல் எழுதுற நம்ம ஆளுங்க பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பாங்க. "அந்தப் பேச்சே வேணாம்பா" என்பார்கள். அதோட சரித்திரம் தெரிஞ்சா இந்தக் கோபம் பாதியாவது குறையும்னு எனக்குத் தோணுது.

சப்வெர்ஷன் 1.0 வந்தது 2004 பிப்ரவரியில். அதில் எக்ஸ்டர்னல்ஸ் என்று ஒரு வசதி. அடுத்தவங்க களஞ்சியத்தோட முகவரியை நம்ம அடைவில் குறிச்சு வச்சுட்டா போதும், அப்டேட் பண்ணும்போது அதுவும் கூடவே வந்து இறங்கும். சொகுசுதான். ஆனா பதிப்பு எண்ணைச் சேர்த்து எழுதாம விட்டா, எப்பவும் அங்கே கடைசியா இருக்கிறதுதான் வரும். ஆறு மாசத்துக்கு முன்னாடி வெளியிட்டதை இன்னிக்கு மறுபடி உருவாக்கப் போனா, நம்ம நிரல் பழசு, உள்ளே வந்த நூலகம் புதுசு. தேடிப்போன பிழை அங்கே இருக்காது :-)

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஆரம்பித்தபோது இதெல்லாம் கிடையாது. 2007 மே மாதம் 1.5.2-இல் அடித்தளம் மட்டும் வந்தது. செப்டம்பரில், 1.5.3-இல், சப்மாட்யூல் கட்டளை.

சூட்சுமம் இதுதான். வெளிக்களஞ்சியம் உள்களஞ்சியத்தின் கோப்புகளைச் சேமிப்பதில்லை. ஒரு அடைவு இருக்கவேண்டிய இடத்தில், உள்ளே இருக்கும் ஒரு கமிட்டின் 40 இலக்க அடையாளத்தை மட்டும் எழுதிக்கொள்கிறது. முகவரி அதில் இல்லை. அது டாட் கிட்மாட்யூல்ஸ் என்ற தனிக் கோப்பில்.

அதனால் உள்ளே இருப்பது எவ்வளவு தூரம் முன்னேறினாலும், யாராவது புது அடையாளத்தைக் கமிட் செய்யும்வரை வெளியே இருப்பது அசையாது. 'எந்தக் கிளையிலும் இல்லாம அந்தரத்துல நிக்குதே' என்று புலம்புகிறோமே, அதுவும் இதனால்தான். சப்வெர்ஷனில் நாமாக நினைவு வைத்துச் செய்யவேண்டியதை, கிட் கட்டாயமாக்கிவிட்டது.

வினையும் அங்கேதான். முன்பு நான் இருந்த ஒரு குழுவில், நண்பர் வெளிக்களஞ்சியத்தை மட்டும் சர்வருக்கு அனுப்பிவிட்டு லீவில் போய்விட்டார். அந்தக் கமிட் அவர் மடிக்கணினியில் மட்டும்தான் இருந்தது. சாவி எங்க கையில, பூட்டு ஊருக்குப் போயிடுச்சு!

நண்பர் திரும்பி வருவார். முகவரியே போயிட்டா? கிட்டோரியஸ் தளம் 2015-இல் மூடப்பட்டது. 2022 மார்ச்சில் கிட்ஹப், பூட்டில்லாத பழைய கிட் நெறிமுறையை நிறுத்தியது. அந்த முகவரியை வைத்திருந்த சப்மாட்யூல்கள் எல்லாம் இறங்க மறுத்தன. இன்றைய கோப்பைத் திருத்திவிடலாம். பழைய கமிட்களுக்குள் இருக்கும் முகவரியை? அதைத் தொட்டால் வரலாறே மாறிப்போகும். பழைய முகவரியைக் கேட்டால் புதியதற்குப் போ என்று நம்ம கணினியில் அமைத்துக்கொள்ளலாம், புதியது என்று ஒன்று இருந்தால்.

இதற்கு மாற்றாக 2009-இல் ஏவரி பென்னாரன் சப்ட்ரீ எழுதினார். 2012-இல் கிட்டோடு சேர்ந்து வர ஆரம்பித்தது. உள்ளடக்கத்தையே நம்ம களஞ்சியத்துக்குள் இழுத்துக்கொள்ளும் முறை. எடை கூடும், மாற்றங்களை மூலத்துக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஆனா மூலம் செத்தாலும் நம்மகிட்ட சரக்கு இருக்கும்.

சொந்தக் குழுவின் களஞ்சியம் என்றால் எனக்கு சப்மாட்யூல்தான். வெளியார் நூலகம் என்றால் சப்ட்ரீ. சப்மாட்யூல்தான் வேணும்னு யாராவது அடம்பிடிச்சா, மூலத்தோட நகலை முதல்ல எங்க சர்வர்ல வச்சுட்டு, அந்த முகவரியைத்தான் எழுதுவேன்.