‘சும்மா’ இருக்கிற நேரத்தின் வரலாறு: இருநிறப் பூ ஒன்றை முன்வைத்து

1

கைவினை குறித்து நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, அதைப் பாரம்பரியம் என்று கும்பிடும் பேச்சு. மற்றது, பெண்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடும் பேச்சு. ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன: இரண்டிலுமே கூலி என்ற சொல் வருவதில்லை. இக்கட்டுரை அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறது. எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, குரோஷா ஊசியால் போட்ட இருநிற நூல் பூ. காதில் தொங்குவது.

அது எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நூலை விரலில் சுற்றி இறுக்கக்கூடிய ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் பன்னிரண்டு குட்டைத் தையல். இது நடுவட்டம், மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நிறம் மாற வேண்டும். பன்னிரண்டாவது தையலை மஞ்சளிலேயே முடித்துவிட்டுச் சிவப்பைத் தொடங்கினால், எல்லையில் மஞ்சள் பிசிறிக்கொண்டு நிற்கும். அதனால் அத்தையலின் கடைசி இழுப்பைச் சிவப்பு நூலால் இழுக்க வேண்டும். அப்புறம் இதழ். ஒன்றுவிட்டு ஒரு தையலில் ஐந்து நெட்டைத் தையல், இடையிலுள்ள தையலில் ஒரு பூட்டு. ஆறு இதழ் வந்துவிடும். நூல் முனைகளைப் பின்பக்கம் செருகி மறைத்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, காயவைத்து, கொக்கி மாட்டினால் தோடு ரெடி.

‘என்னப்பா இது, கோலப் புத்தகம் மாதிரி’ என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்தச் செய்முறைக்குள்தான் அரசியல் இருக்கிறது. பின்னல் எந்திரம் உண்டு, நெசவு எந்திரம் உண்டு. உண்மையான குரோஷாவைப் போடும் தொழிற்சாலை எந்திரம் மட்டும் இதுவரை புழக்கத்துக்கு வரவில்லை. எந்திரம் செய்வது அதன் போலி. ஆகவே உலகின் எந்தக் கடையில், எவ்வளவு மலிவாக, அசல் குரோஷாப் பூ தொங்கினாலும், அதற்குப் பின்னால் ஒரு கை உண்டு. அது அநேகமாக ஒரு பெண்ணின் கை.

2

குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய கொக்கி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்களின் வரவேற்பறைக் கலையாக இது பரவியது. 1840களில் ரியேகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி லண்டனிலிருந்து மாதிரிப் புத்தகங்களாக வெளியிட்டுத் தள்ளினார். வெனிஸ் நகரத்து ஊசி லேசைக் கொக்கியால் போலச் செய்யலாம் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

அதே பத்தாண்டில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. 1845க்கும் 1852க்கும் இடையே சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கார்க் நகரத்து உர்சுலைன் கன்னியர் மடத்திலும், குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் வழியாகவும் கொக்கி ஊசி ஏழைப் பெண்களின் கைக்கு வந்தது. வரவேற்பறையில் பொழுதுபோக்காக இருந்த ஊசி, குடிசையில் சோற்றுக்கான வழியானது.

இந்த இடமாற்றத்தில் வேலையின் வடிவமும் மாறியது. ஐரிஷ் குரோஷாவை ஒரே ஆள் முழுத்துணியாகப் போடுவதில்லை. ஒருத்தி ரோஜா போடுவாள், இன்னொருத்தி இலை, மற்றொருத்தி மூவிலைப் பூண்டு. இவற்றைத் துணிமேல் அடுக்கிச் சங்கிலிகளால் இணைப்பவள் வேறொருத்தி. ‘பூ’ என்பது இங்கே அழகியல் அலகு மட்டுமல்ல, உழைப்புப் பிரிவினையின் அலகு. பூ சிறியதாக இருப்பதால் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையே அதை முடித்துவிடலாம். எண்ணி வாங்கலாம். எண்ணிக் காசு கொடுக்கலாம். முழுத்துணியின் விலை எவ்வளவு என்பது பூ போட்டவளுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

3

தமிழ் எம்.ஏ. படித்த நம்மில் யாரைக் கேட்டாலும் 1856 என்ற ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்: கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன்தான். அவர் வாழ்ந்த இடையன்குடியில் அவர் மனைவி எலைசா பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. எலைசாவின் தாய் மார்த்தா மால்ட். 1819இல் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன்காரர். தென்திருவிதாங்கூரில் ரேந்தை வேலையைத் தொடங்கிவைத்தவர். 1844இல் எலைசாவுக்கும் கால்டுவெல்லுக்கும் நாகர்கோவிலில் திருமணம் நடந்தது. ஊசி தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கும் போனது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நாகர்கோவில் ரேந்தை குரோஷா அல்ல. திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. நுட்பம் வேறு, பொருளாதாரம் ஒன்று. அங்கே பின்னியவர்களில் அடிமைச் சாதிப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். ரேந்தைக் காசைச் சேர்த்துச் சிலர் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பெருமையோடு பதிகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். ஆகவே அந்தக் காசின் மதிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். காலனியக் கைவேலை என்றாலே சுரண்டல் என்று ஒரே வரியில் முடித்துவிடும் நம் வழக்கத்துக்கு இது இடறுகிறது, இடறட்டும்.

ஆனால் அதே வரலாறுகளில் துரைசானியின் பெயர் இருக்கிறது. பின்னிய பிள்ளையின் பெயரைத் தேடினால் ‘பள்ளிப் பெண்கள்’ என்ற பன்மைதான் கிடைக்கிறது. இன்னொன்று: 1822 தொடங்கி 1859 அரச ஆணை வரை, நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவது அங்கே கலவரத்துக்குரிய விஷயமாக இருந்தது. மேலாடைக்கே சாதி அனுமதி கேட்ட ஒரு நாட்டில், அந்தச் சாதிப் பெண்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட பெண்களும் எவருடைய மேலாடை விளிம்புக்கோ வெள்ளை ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிலக்கணம் பாடத்திட்டத்தில் ஏறியதும் இந்த விளிம்பு பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றதும் தற்செயல் அல்ல. எழுத்து அறிவு ஆணுக்கு, கைவேலை பெண்ணுக்கு என்ற பாகப்பிரிவினை நம் கல்விப்புலத்தின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது.

4

குரோஷா இந்தியாவில் பெருந்தொழிலாக வேர்விட்டது ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில், நரசாப்பூர் வட்டாரத்தில். அங்கேயும் தொடக்கம் மிஷன்தான். மதம் மாறிய ஏழைத் தலித் பெண்கள்தான் முதலில் கற்றவர்கள். பிறகு அது, வீட்டைவிட்டு வெளியே போகாததையே கௌரவமாகக் கொண்ட நிலவுடைமைச் சாதிகளின் ஏழைப் பெண்களிடமும் பரவியது. 1982இல் வெளிவந்த மரியா மீஸின் ‘நரசாப்பூர் லேஸ் பின்னுபவர்கள்’ என்ற நூல் இந்த உலகைத் திறந்து காட்டியது. 2023இல் மறைந்த அந்த ஜெர்மானியப் பெண்ணியர் சொன்னது இதுதான்: உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் இப்பெண்கள் தொழிலாளிகளாகக் கணக்கிடப்படுவதில்லை, ‘இல்லத்தரசிகள்’ என்றே பெயரிடப்படுகிறார்கள். அவர்கள் உழைப்பு ஓய்வுநேர வேலை என்று அழைக்கப்படுகிறது. அந்தப் பெயரிடல்தான் கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கிறது. வியாபாரமும் ஏற்றுமதியும் ஆண்களிடம், பூ பெண்களிடம்.

மீஸ் கோட்பாட்டு மொழியில் சொன்னதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் இருக்கிறது: ‘சும்மா’. எங்கள் தெருவில் இருநிறத் தோடு போட்டு விற்கிற அக்கா ஒருவரிடம், ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ‘நேரமெல்லாம் யார் பாத்தா? வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல போடறதுதானே’ என்றார். காலையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, துணி துவைத்து முடித்த பிறகு மிஞ்சும் நேரத்துக்குப் பெயர் சும்மா. அந்நேரத்துக்கு விலை கிடையாது. ஆகவே தோட்டின் விலை என்பது நூல்விலை, கொக்கிவிலை, கூரியர் செலவு, அதன்மேல் ஏதோ கொஞ்சம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு பூவுக்கு இருபத்தைந்து நிமிஷம், ஜோடிக்கு ஐம்பது. முனை செருகுவதும் பசை நனைப்பதும் தனி. கணக்கைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டு, ‘இப்படிக் கணக்குப் பாத்தா யார் வாங்குவா?’ என்றார். சந்தையின் முழுத் தர்க்கமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

வீட்டிலிருந்து உழைப்போரைப் பிற கூலித் தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்தக் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. 2024இல் நரசாப்பூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. பின்னுபவளின் மணிநேரத்துக்கு வரவில்லை.

5

கடைசியாக, அணிபவர் பக்கம். திருவிதாங்கூரில் பொன்னும் வெள்ளியும் விலக்கப்பட்ட புலையர் பெண்களுக்குக் கல்மாலையே அடையாளமாக விதிக்கப்பட்டிருந்தது. 1915இல், அய்யன்காளி இயக்கத்தின் வீச்சில், கொல்லம் பெரிநாடு வட்டாரத்துப் பெண்கள் அந்த மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அணி எந்தப் பொருளால் ஆனது என்பதே சாதிக் கட்டளையாக இருந்த மண் இது. துருக்கியிலோ தலைத்துணி விளிம்பில் கோக்கும் ‘ஓயா’ என்னும் நூல் பூக்களின் நிறத்தால் பெண்கள் பேசிக்கொண்டார்கள் என்பார்கள். சிவப்பு மிளகாய் வடிவம் தைத்தால் கணவனோடு சண்டை என்று அர்த்தமாம். இன்று அந்த ஓயாவும் கழுத்தணியாக, தோடாக விற்பனைக்கு வருகிறது. பேச்சு போய்விட்டது, பூ மட்டும் மிச்சம்.

இன்று பொன்னை மறுத்து நூல்தோடு அணிவது, நம் வட்டங்களில், ஓர் அரசியல் நிலைப்பாடாகப் பார்க்கப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வரதட்சணையின் எடைக்கு எதிராக ஒரு கிராம்கூட இல்லாத நூலை நிறுத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் பொன்னை மறுத்த கை, பேரம் பேசுவதை மறுப்பதில்லை. நம் கூட்டங்களில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் கைவினை மேசையும் போடுகிறோம். புத்தகத்தின்மேல் ஆசிரியர் பெயர் இருக்கிறது, பதிப்பகம் இருக்கிறது, விலை பற்றி வாக்குவாதம் கிடையாது. பக்கத்து மேசையில் பெயர் இல்லை. ‘குறைச்சுக் கொடுங்கக்கா’ மட்டும் இருக்கிறது.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. அட்டையில் செய்தவர் பெயரையும் ஆன நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தை உங்கள் ஊரின் குறைந்தபட்சக் கூலியோடு பெருக்கிப் பாருங்கள். வரும் தொகை அதிகமாகத் தோன்றினால், இத்தனை நாள் நாம் கொடுத்த விலையில் யாருடைய நேரம் கழிக்கப்பட்டிருந்தது என்ற விவாதத்தை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.