'வேணும்' – ஒரு பிழைதிருத்தக் கதை

பெரிய கம்பெனிகளில் இப்போ 'இன்னர் சோர்ஸ்' பேச்சுதான். யார் எழுதின கோடா இருந்தாலும் வேறு டீம்காரர் பிழை காட்டலாம், திருத்தலாம். எனக்கு எங்க முத்துக்குளித்துறைதான் ஞாபகம் வருது.

1542இல் வந்த சேவியர், உள்ளூர்க்காரர்கள் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கினார். 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று விழுந்துவிட்டது! சில ஆண்டுகள் கழித்து வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, அதைத் திருத்தினார். சேவியர் அவருக்குத் தலைவர். அதோடு விடாமல், பின்னால் வரும் குருக்கள் தமிழ் படிக்கப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது.

நான் ஒருமுறை சீனியர் கோடில் பிழையைப் பார்த்தும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். டூல் எல்லாம் வந்தாச்சு. அந்தத் துணிச்சல்தான் வேணும்.