நீரிழிவுப் பாதப்புண்ணும் எதிர்மறை அழுத்தச் சிகிச்சையும்

நெடுநாள் நீரிழிவால் கால் நரம்புகள் உணர்விழந்து, இரத்தக் குழாய்களும் குறுகிப்போன பாதத்தில் தோன்றி ஆறாமல் நிற்கும் புண்ணின் மேல் நுரைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகாத ஒட்டுப்படலத்தால் மூடி, குழாய் வழியே உறிஞ்சுபொறியை இணைத்து, வளிமண்டல அழுத்தத்தினும் குறைந்த அழுத்தத்தைத் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ நிலைநிறுத்தும் முறை எதிர்மறை அழுத்தச் சிகிச்சை எனப்படும். இதனால் கசிநீர் வெளியேறி வீக்கம் தணிகிறது. விளிம்புகள் உள்நோக்கி இழுபடுகின்றன. புண்ணின் அடியிலிருந்து செந்நிறமாக மணிமணியாய் எழும் புதுத்தசை, அதாவது குருணைத் திசு, விரைந்து வளர்கிறது.

உறிஞ்சுவிசையை மருத்துவத்தில் பயன்படுத்துவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் சீழ்ப்புண்களுக்கு உறிஞ்சுகுவளைகளைக் கையாண்டார். 1980களில் சோவியத் மருத்துவர்கள் சீழ்ப்புண்களை வெட்டித் தூய்மை செய்தபின் வெற்றிட முறையைச் சேர்த்துப் பார்த்தனர். அவர்களுடைய கட்டுரைகள் ரஷ்ய மொழியில் வெளிவந்ததால் மேலைநாடுகளில் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. 1989இல் அமெரிக்காவில் சாரிக்கர், ஜீட்டர் முதலியோர் ஈரத்துணியையும் உறிஞ்சுகுழாயையும் கொண்டு புரைப்புண்களை ஆற்றினர். 1993இல் ஜெர்மனியில் ஃபிளெய்ஷ்மன் குழுவினர் திறந்த எலும்பு முறிவுகளுக்கு நுரைப்பஞ்சைப் பயன்படுத்தினர். இன்றைய வடிவத்தை நிலைநாட்டியவை வட கரோலினாவின் விஞ்ஞானி மோரிக்வாஸும் அறுவை மருத்துவர் ஆர்ஜென்டாவும் 1997இல் வெளியிட்ட கட்டுரைகளாகும். பன்றிகளில் செய்த சோதனையில் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சலில் புண்ணைச் சுற்றிய இரத்தவோட்டம் நான்கு மடங்காக உயர்ந்ததைக் கண்ட அவர்கள், 300 புண்களில் 296 நற்பலன் காட்டியதாகவும் பதிவு செய்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத தொடர் அது என்பதால், நம்பிக்கையூட்டிய அளவுக்கு அது நிரூபணமாகவில்லை.

அந்தக் குறையை நிரப்ப வந்த ஆய்வுகளே நீரிழிவுப் பாதத்தைத் தனியே எடுத்துக்கொண்டன. பாதத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 162 பேரிடம் ஆம்ஸ்ட்ராங், லேவரி இருவரும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களில் இச்சிகிச்சை பெற்றோரில் 56 விழுக்காட்டினருக்கும் வழக்கமான கட்டு போடப்பட்டோரில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. 2008இல் புளூம் குழுவினர் பாதப்புண்களில் கண்ட விகிதம் ஏறத்தாழ 43க்கு 29. இவ்விரு ஆய்வுகளுக்கும் பொறியின் உற்பத்தி நிறுவனமே பொருளுதவி செய்தது என்பதை மறக்கலாகாது. அன்றாட மருத்துவச் சூழலில் 368 நோயாளிகளைக் கொண்டு ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், புண் மூடும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் அறுவைக்குப் பிந்தைய பாதப்புண்களுக்கு மட்டும் இதைத் துணைச் சிகிச்சையாகக் கருதலாம் என்று கூறி, பிற பாதப்புண்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தன.

இந்த எல்லைக்கோடு நியாயமானதே. அழுகிய தசை அகற்றப்படாத புண்ணிலும், இரத்தவோட்டம் சீராக்கப்படாத காலிலும், எலும்பழற்சிக்கு மருந்து தொடங்காத நிலையிலும் உறிஞ்சுபொறி பயன்தராது, தீங்கும் செய்யலாம். இரத்தக் குழாய் வெளித்தெரியும் புண்ணில் உயிருக்கே ஆபத்தான குருதிப்பெருக்கு நேரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. புண் மீது உடல் எடை விழாமல் காப்பதும் சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாகும். உணர்விழந்த பாதம் வலியறியாமல் மிதிபட்டே புண்ணாகிறது என்பதை வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றித் தெளிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், பின்னர் அமெரிக்காவின் கார்வில்லில் அதே அறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் கொண்டுசென்றார். பொறியின் விலை எட்டாத இந்திய மருத்துவமனைகள் பலவற்றில், நுண்ணுயிர் நீக்கிய நுரைப்பஞ்சு, மூக்கு வழியே இரைப்பைக்குச் செலுத்தும் ரைல்ஸ் குழாய், ஒட்டுப்படலம், சுவரில் பொருத்திய உறிஞ்சு இணைப்பு ஆகியவற்றைக் கொண்டே இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.