கீல், கட்டு, நாடி: முழங்கால் மூட்டு விலகலின் வரலாறு குறித்து

ஹைதராபாத்தில் எலும்பு வைத்தியசாலைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு போகும் தமிழருக்கு ஒரு சொல்லுக்கு மட்டும் அகராதி தேவைப்படாது. ‘புத்தூரு கட்டு’ என்று தெலுங்கில் எழுதியிருப்பதில் உள்ள கட்டு நம்முடைய கட்டுதான். முழங்காலுக்குத் தெலுங்கில் வழங்கும் ‘மோகாலு’, நம் முழங்காலோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. முழங்கைக்கு அவர்கள் ‘மோசேயி’ என்பர். மூட்டைக் குறிக்கும் ‘கீலு’ அங்கே அன்றாடச் சொல். தமிழில் அது தனித்து வழங்குவது குறைந்து, கீல்வாதத்திலும் கதவுக் கீலிலும் தங்கிவிட்டது. வடமொழியில் ‘கீல’ என்றால் முளை, ஆப்பு. பழைய நகரத்தின் உருதுவிலோ தோள்மூட்டு விலகினால் தோள் ‘இறங்கிவிட்டது’ என்பார்கள்.

சொற்கள் வேறாயினும் அவை காட்டும் படம் ஒன்று. மூட்டு என்பது முளையில் செருகிய கதவு. கழன்றால் மீண்டும் செருகிக் கட்டிவிட வேண்டும். தோளுக்கும் விரலுக்கும் இந்தப் படம் பெரும்பாலும் போதுமானது. முழங்காலுக்கு மட்டும் அது மோசமாகப் பிழைக்கிறது. முழங்கால் மூட்டு விலகலின் மருத்துவ வரலாற்றைப் படிக்கும்போது, அந்தப் படத்திலிருந்து வெளியேற மருத்துவம் எடுத்துக்கொண்ட நெடுங்காலமே முதன்மையான செய்தியாக எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘முட்டி நழுவிவிட்டது’ என்று பேச்சில் சொல்வது இருவேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கும். முன்புறம் இருக்கும் வட்டமான சில்லு வெளிப்பக்கமாக நழுவுவது ஒன்று. இளவயதினரிடம், விளையாட்டிலும் நடனத்திலும் திடீரெனத் திரும்பும்போது நேர்வது. காலை மெல்ல நீட்டினாலே பல நேரங்களில் தன் பள்ளத்துக்குத் திரும்பிவிடும். வலி மிகுதி, மீண்டும் நழுவும் வாய்ப்பும் உண்டு. ஆயினும் கால் போய்விடும் என்ற அச்சம் இதில் இல்லை. மற்றொன்று, தொடையெலும்பும் அதன்கீழ் உள்ள கணைக்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது. இதுதான் மெய்யான முழங்கால் மூட்டு விலகல். அரிதானது, மூட்டைப் பிணைக்கும் நான்கு முதன்மை இணைநார்களில் பெரும்பாலும் இரண்டோ அதற்கு மேலோ அறுந்தால்தான் நிகழும். இருசக்கர வண்டி விபத்து, உயரத்திலிருந்து விழுதல், மிகு உடற்பருமன் உள்ளவர்களிடம் வெறும் தடுக்கல் ஆகியவை காரணங்கள்.

இந்த இரண்டாவது நிகழ்ச்சியில் ஆபத்து மூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முழங்காலின் பின்குழி வழியாகக் கீழ்க்காலுக்குப் போகும் பெருந்தமனி மேலே தொடைத்தசையின் இடைவெளியிலும், கீழே கெண்டைக்காலின் தசைவளைவிலும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இரு முனையும் கட்டிய கயிறு. இடையில் எலும்பு பெயர்ந்தால் அதற்கு விலகி வழிவிட இடமில்லை. இழுபடும் அல்லது கிழியும். சில நேரங்களில் தமனியின் உட்சுவர் மட்டும் கீறிக்கொள்ளும். அப்போது தொடக்கத்தில் பாதத்தில் நாடி துடிக்கும். சில மணிநேரம் கழித்துக் கீறலின்மேல் குருதி உறைந்து வழி அடைபடும். அருகிலுள்ள சிறு கிளைகள் வழியே கொஞ்சம் குருதி வருவதால் பாதம் வெதுவெதுப்பாகவே இருக்கவும் கூடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அமெரிக்க மருத்துவர்களான கிரீனும் ஆலனும் 1977-இல் தம் நோயாளிகளையும் முந்தைய பதிவுகளையும் சேர்த்து 245 விலகல்களைத் தொகுத்தனர். சுமார் மூன்றில் ஒரு பங்கில் தமனி சிதைந்திருந்தது. எட்டு மணிநேரத்துக்குள் தமனியைச் சீராக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கால் தப்பியது. அந்நேரம் கடந்தவர்களில் 86 விழுக்காட்டினர் காலை இழந்தனர். பிற்கால ஆய்வுகள் தமனிச் சிதைவின் விகிதத்தைக் குறைத்துக் காட்டின. நேரக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இதை மனத்தில் கொண்டு பின்னோக்கிப் போவோம். சுசுருத சங்கிதை எலும்புக் காயங்களை இரண்டாகப் பகுக்கிறது: சந்தி விடுபட்டவை ஆறு வகை, எலும்பு முறிந்தவை பன்னிரண்டு வகை. இழுத்தல், அழுத்துதல், பொருத்துதல், கட்டுதல் என்று சிகிச்சை முறைப்படுகிறது. தொடையும் கீழ்க்காலும் பாதிக்கப்பட்டவரைக் கதவுப்பலகை போன்ற படுக்கையில் கிடத்தி, கால் அசையாதபடி ஐந்து முளைகளில் கட்டச் சொல்கிறது. படுக்கையின் பெயர் கபாட சயனம். முளைகளின் பெயர் கீலகம். கதவும் முளையும் உவமையாக அன்றி மரச்சாமான்களாகவே நோயாளியைச் சூழ்ந்து நிற்கின்றன!

ஆனால் அந்நூலை வெறும் தச்சுவேலையாகப் படிப்பது நேர்மையாகாது. கட்டு தளர்ந்தால் சந்தி நிலைபெறாது என்றும், மிக இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்றும் அது எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கொரு முறை, மிதமான பருவத்தில் ஐந்து, வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கொரு முறை கட்டை அவிழ்த்து மாற்ற வேண்டும் என்றும் கணக்கிடுகிறது. வெயிலில் வீக்கம் மிகும் என்பதைக் கண்டவர் எழுதிய கணக்கு அது. முழங்காலை மர்ம இடங்களில் ஒன்றாகவும், அங்கு அடிபட்டால் நொண்டுதல் வரும் என்றும் குறித்திருக்கிறது. மூன்று நாள் என்பது எலும்புக்குத் தக்க கடிகாரம். தமனிக்கு வேண்டியதோ மணிக்கடிகாரம்.

புத்தூருக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்து, பின்னர் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்த ஊர் அது. அதனருகில் ராச்சபாளையத்தில் கேசவராஜு என்பவர் 1881-இல் தொடங்கியது இவ்வைத்தியம் என்பது அக்குடும்பம் சொல்லிவரும் வரலாறு. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றால் ஆனது கட்டு. சென்னையிலிருந்து ஹைதராபாத் வரை அப்பெயர் ஒரு குடும்பத்தைக் கடந்து ஒரு வகைப்பெயராகிவிட்டது. மொழியியலில் இதைப் பொதுப்பெயராதல் என்போம். பெயரைப் பலகையில் எழுதிக்கொள்பவர் எல்லாரும் புத்தூரில் கற்றவர் என்று கொள்ள முடியாது.

அதே 1881-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோக்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். முறிவுக்குப் பிறகு இறுகக் கட்டிய கைகால்களில் தசைகள் குருதியின்றி மடிந்து சுருங்கிப்போவதை அவர் விளக்கினார். அந்த முடக்கம் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. இந்த ஆண்டுப் பொருத்தம் தற்செயல்தான். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: ஃபோக்மன் குற்றஞ்சாட்டிய இறுக்கக் கட்டுகளில் மருத்துவமனைக் கட்டுகளும் அடங்கும். கட்டின் தீங்கை நாட்டு வைத்தியரின் தனிக்குற்றமாகச் சித்தரிக்கும் வழக்கத்துக்கு வரலாற்றுச் சான்று துணைநிற்பதில்லை.

எலும்புமுறிவு அறுவை மருத்துவமே நாட்டு வைத்தியரின் திண்ணையிலிருந்து கிளைத்தது என்றும் சொல்லலாம். தொடையெலும்பு முறிவுக்குப் பயன்படும் தாமஸ் சிம்பை உருவாக்கிய ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த எலும்பு வைத்தியர் பரம்பரையில் வந்தவர். தந்தைக்குப் பட்டம் இல்லை; மகன் பட்டம் பெற்று லிவர்பூலில் வைத்தியம் பார்த்தார். அவர் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போரில் அச்சிம்பைப் பரப்பினார். ஜப்பானில் ஜூடோ ஆசான்களின் எலும்பு வைத்தியத்துக்கு 1920-இல் அரசு உரிமம் கிடைத்தது. மல்லரும் வைத்தியரும் ஒருவரே என்பது ஹைதராபாத்துக்கும் புதிதன்று. பழைய நகரத்தில் சுளுக்கு எடுப்பவரைப் ‘பஹல்வான்’ என்றே அழைக்கின்றனர். நம் வர்ம ஆசான்களும் சிலம்பக் களத்தவரே. உடலைப் பெயர்க்கத் தெரிந்த கை அதைச் சேர்க்கவும் கற்றுக்கொண்டது. அந்தக் கை தோளையும் விரலையும் சேர்ப்பதை இழிவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஏழைகள் அதனிடம் போவது அறியாமையால் மட்டும் அன்று. செலவும், அறுவை குறித்த அச்சமும், தம் மொழியில் பேசும் வைத்தியர் என்ற நெருக்கமும் சேர்ந்தே அங்கே அழைத்துப் போகின்றன.

ஹைதராபாத்தின் மருத்துவக் கல்வி தொடக்கத்தில் மக்களின் மொழியைப் புறக்கணிக்கவில்லை. 1846-இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் மருத்துவப் பள்ளி உருதுவில் கற்பித்தது. அப்பள்ளியோடு பின்னர் இணைந்தவர் எட்வர்டு லாரி. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் பொருளுதவியால் 1888, 1889 ஆண்டுகளில் அமைந்த இரு குளோரோஃபார்ம் குழுக்களால் அவர் உலகப் புகழ் பெற்றார். மயக்கமருந்து எலும்பை இழுத்துச் சேர்ப்பவர்களுக்கும் பெரும் வரம். தசை தளர்ந்தால் மூட்டு எளிதில் திரும்பும். லாரியின் குழு கண்ட முடிவு விந்தையானது: குளோரோஃபார்ம் கொடுப்பவர் மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைக் கவனிக்க வேண்டியதில்லை. குளோரோஃபார்ம் இதயத்தையே நேரடியாக நிறுத்தக்கூடும் என்று 1911-இல் லெவி நிறுவியதும் அம்முடிவு சரிந்தது. நாடியிலிருந்து விரலை எடுத்துவிடலாம் என்று உலகுக்கு அறிவித்த ஊர் என்ற பெயர் ஹைதராபாத்துக்கு உண்டு. விலகிய முழங்காலின் வரலாற்றை இங்கிருந்து எழுதுபவர் இதைக் கடந்துபோவது கடினம்.

தமனியைத் தைக்கும் நுட்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அது நோயாளிக்கு வந்து சேரப் போர்கள் வேண்டியிருந்தன. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களின் தமனிக் காயங்களை டிபேக்கியும் சிமியோனும் 1946-இல் தொகுத்தனர். அப்போது வழக்கமாக இருந்தது, கிழிந்த தமனியை முடிச்சிட்டு நிறுத்துவது. முழங்காலின் பின்தமனி காயமுற்றவர்களில் 72.5 விழுக்காட்டினர் காலை இழந்திருந்தனர். கொரியப் போரில் முடிச்சை விட்டுத் தையலுக்கு மாறினார்கள். அதே தமனிக்கு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

ஹைதராபாத்தில் எலும்பு மருத்துவத்துக்கெனத் தனி நிறுவனம் இதற்குப் பிறகுதான் வந்தது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் அறக்கட்டளை பஞ்சகுட்டாவில் கட்டிய நிஜாம் எலும்பு மருத்துவமனை 1964-இல் திறக்கப்பட்டது. இன்று பல்துறை நிறுவனமாகிய ‘நிம்ஸ்’ அதன் வளர்ச்சி. எலும்புக்காகத் தொடங்கிய மருத்துவமனை பிற துறைகளையும் சேர்த்துக்கொண்டது முழங்காலைப் பொறுத்தவரை வெறும் நிர்வாகச் செய்தி அன்று. விலகிய முழங்காலுக்கு எலும்பு மருத்துவரும் குருதிக்குழாய் அறுவை மருத்துவரும் ஒரே இரவில், ஒரே கூரையின்கீழ் வேண்டும். 2005 ஆகஸ்டு 15 அன்று இதே நகரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையையும் இவ்வரலாற்றில் சேர்க்க வேண்டும். எட்டு மணிநேரக் கணக்கில் சாலையில் கழியும் நேரமும் அடங்கும்.

இன்றைய சிகிச்சையின் வரிசை இவ்வாறு அமைகிறது. பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மயக்கமோ வலிநீக்கியோ கொடுத்து மூட்டைத் தாமதமின்றிச் சேர்க்கிறார்கள்; சேர்த்தபின் மறுபடி நாடி. விரல் தவறக்கூடும் என்பதால் கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். 2004-இல் மில்ஸ், பரேய், மெக்நேர் ஆகியோர் 38 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். விகிதம் 0.9-க்குக் குறைந்த 11 பேருக்கும் தமனி அறுவை தேவைப்பட்டது; மற்ற 27 பேரில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. நாடி இல்லையென்றால் உடனே அறுவை அரங்கம். ஐயம் இருந்தால் குருதிக்குழாய்ப் படம். தேவைப்பட்டால் மறுகாலின் சிரையை எடுத்துத் தமனியில் ஒட்டுப்போடுகிறார்கள். வீங்கும் கெண்டைக்காலின் தசையுறைகளைத் திறந்துவிடுகிறார்கள். மூட்டைப் பிடித்து நிறுத்த வெளிச்சட்டகம். இணைநார்களைச் சீரமைப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பாதத்தைத் தூக்கும் நரம்பும் சிலருக்குச் சிதைந்திருக்கும்; அவர்கள் பாதம் தொய்ந்தே நடப்பார்கள். விகிதம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் முழுதும் மணிக்கணக்கில் பாதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஆகவே முழுக்காலையும் மூடும் கட்டு முதல் நாளில் கூடாது. பாதம் கண்ணுக்கும் விரலுக்கும் திறந்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மொழி சார்ந்தது. விலகிய முழங்கால்களில் ஏறக்குறைய பாதி, மருத்துவரை அடையுமுன் தாமாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன என்று மதிப்பிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு வரிசையாக நிற்கும். விலகியதற்குச் சான்று நோயாளியின் வாய்ச்சொல் மட்டுமே. அவர் தெலுங்கில் ‘பெணிகிந்தி’ என்பார். உருதுவில் ‘மோச்’ என்பார். நாம் சுளுக்கு, பிசகு என்போம். மூன்று மொழியிலும் அது சிறுகாயத்தின் பெயர். பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டால் அவர் வரிசையின் கடைசிக்குப் போவார். ‘கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, யார் நேராக்கியது, விழுந்து எத்தனை மணிநேரம் ஆயிற்று’ என்று யாராவது கேட்டால்தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் விலகல் வெளியே வரும்.