பன்னிரண்டாம் வாரம்: கதிர்வீச்சுக்குப் பின் எஞ்சும் கருப்பைவாய்ப் புற்று

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் ‘கரண்டு வைத்து’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, முடித்த பெண் வீடு திரும்பும் நாளில், நோய் முழுதும் போய்விட்டதா என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. கதிர்வீச்சு வேலை செய்யும் விதம் அப்படி. மரபிழை அறுபட்ட புற்றுச்செல் பெரும்பாலும் உடனே மடிவதில்லை. பிரிய முயலும்போதுதான் மடிகிறது. அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை நுண்ணோக்கியில் அது உயிருள்ள செல்லாகவே தோன்றக்கூடும். ஆறாம் வாரத்துப் பயாப்சியில் புற்று தெரிந்தால், அது பிழைத்த செல்லா, மடியவிருக்கும் செல்லா என்று பிரித்தறிவது கடினம். எனவே எஞ்சிய புற்றைக் கண்டறிவதில் கருவியைவிடக் காலமே முதன்மையானது என்பதும், பன்னிரண்டாம் வார மதிப்பீட்டைச் சிகிச்சையின் கடைசித் தவணையாகவே கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கண்ணும் விரலும் ஏமாறும் இடங்கள் பல. ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால் கருப்பைவாய் சுருங்கி யோனியின் மேற்சுவரோடு தட்டையாகிக் கிடக்கும். வெளிறிய சவ்வின்மேல் சிலந்தி இழைபோல் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடும். பஞ்சு பட்டாலே கசியும். இந்தக் கசிவைப் புற்று என்று எண்ணிப் பதறுவோர் உண்டு. ஆசனவாய் வழியே தொட்டால் பக்கத் திசு இறுகியிருக்கும்: சீரான இறுக்கம் பெரும்பாலும் தழும்பு, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் ஐயம் கொள்ள வேண்டும். பாப் ஸ்மியரும் இங்கே நம்பத்தக்க துணையாவதில்லை. கதிர் பட்ட நல்ல செல்களே உப்பிப் பல உட்கருக்களோடு நிற்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் வீக்கமும் புற்றும் ஒரே வெளிச்சத்தில் மயங்கித் தெரியும்.

இந்த மயக்கத்தைப் பெருமளவு தெளிவாக்கியது, சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை ஒளிப்புள்ளியாகக் காட்டும் பெட் ஸ்கேன். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து ஏறத்தாழ 3 மாதத்தில் 92 பெண்களுக்கு இந்த ஸ்கேன் எடுத்திருந்தார்கள். சர்க்கரையை உறிஞ்சும் இடமே இல்லாதவர்களில் 78 விழுக்காட்டினர் 3 ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தார்கள். ஓரளவு எஞ்சியவர்களில் அது 33 விழுக்காடு. புதிய இடத்தில் நோய் தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை. ஆயினும் அழற்சியும் சர்க்கரையை உறிஞ்சும். ஆகவே பெட் காட்டும் ஒளிப்புள்ளியை மட்டும் நம்பிக் கத்தி எடுக்கலாகாது; பயாப்சி அதை மெய்ப்பிக்க வேண்டும்.

‘எதற்கு இந்த ஐயம்? எல்லோருக்கும் கருப்பையை எடுத்துவிடலாமே’ என்ற வாதம் நெடுங்காலம் இருந்தது. பிரான்சின் கைனிகோ 02 ஆய்வு இதைச் சோதித்தது. போதிய பேர் சேராமல் 61 பெண்களோடு நின்றுபோன அந்த ஆய்வில், நோய் முழுதும் மறைந்தவர்களுக்குச் செய்த அறுவையால் உயிர்க்காலம் கூடவில்லை. சிறிய ஆய்விலிருந்து பெரிய முடிவு எடுக்கலாகாது என்பது சரிதான். ஆனால் கதிர் பட்ட திசுவில் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும். தையல் எளிதில் ஆறாது. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்தால் இரவும் பகலும் சிறுநீர் கசியும். நோயே இல்லாத பெண்ணை இதற்கு ஆளாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெய்ப்பிக்கப்பட்ட எஞ்சிய புற்றோ வேறு கணக்கு. கருப்பைவாயளவில் நிற்கும் சிறு கட்டியைக் கருப்பையோடு எடுக்கலாம். சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ தொட்டுவிட்டால், அவற்றையும் சேர்த்து அகற்றும் இடுப்புறுப்பு நீக்கமே வழி. அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் 1948இல் நியூயார்க்கிலிருந்து இதை முதன்முதலில் எழுதியபோது, 22 பேரில் 5 பேர் அறுவையாலேயே இறந்திருந்தார்கள். இன்று அந்த இறப்பு மிகக் குறைந்துவிட்டது. ஆனால் சிறுநீரோ மலமோ சேரும் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு வாழ வேண்டியிருப்பதைப் பெண்ணிடம் முன்பே நிதானமாகப் பேசியாக வேண்டும். நோய் வேறெங்கும் பரவியிருந்தால் பிளாட்டினம் மருந்து, பேக்ளிடாக்செல், பெவாசிசுமாப், தகுதியிருப்போர்க்குப் பெம்ப்ரோலிசுமாப் என்று பாதை மாறும்.

ரத்தப்போக்கு பெரும்பாலும் சிகிச்சையின்போதே நின்றுவிடும். நின்றதும் குணமாயிற்று என்று நம்பிப் பெண்கள் வராமல் போகிறார்கள். ‘மூன்று மாதம் கழித்து வரவும்’ என்று சீட்டில் எழுதி அனுப்புவது போதாது. தேதியையே குறித்து, ஸ்கேனுக்கும் அன்றே பதிந்து, வராதவரை அந்த வாரமே தொலைபேசியில் அழைக்க வேண்டும். இல்லையேல், ஒரு கால் வீங்கி, தொடையின் பின்புறம் வலி இறங்கி, அந்தப் பக்கச் சிறுநீர்க்குழாய் அடைபட்டு அவர் வரும்போது புற்று இடுப்புச் சுவரைப் பற்றியிருக்கும். அதன்பின் அறுவைக்கு இடமில்லை.