பிறந்த ஆண்டு தெரியாத கார்கள்

பிரிட்டன் வீதிகளில் எப்போதாவது ஒரு நம்பர் பிளேட் கண்ணில் படும். அது 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த நாட்டில் 1963 முதல் நம்பர் பிளேட்டிலேயே கார் பதிவான ஆண்டைக் காட்டும் எழுத்தொன்று சேர்க்கப்பட்டது. பிளேட்டைப் பார்த்தாலே காரின் வயதைச் சொல்லிவிடலாம். கியூ மட்டும் எந்த ஆண்டையும் சொல்லாது. 1983 இல் வந்த இந்த எழுத்துக்கு, 'இந்த வாகனம் எப்போது பிறந்தது, எதிலிருந்து பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்பதுதான் பொருள்.

நம் நாட்டில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். முதலாந் தர அனுமதிக் காலத்தில் அப்படியொரு பத்திரத்தோடு வரும் தாய்மாரின் தயக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளை கண்முன்னே நிற்கிறது. ஆனாலும் பத்திரம் இல்லாவிட்டால் அது பிறக்கவே இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. தன் வீட்டுக் கராஜில் சொந்தக் கையால் கார் கட்டியவனுக்கும் கடைசியில் இதே சிக்கல்தான் வந்து நிற்கிறது. கார் ஓடுகிறது. ஆனால் அது என்ன கார்? எந்த ஆண்டுக் கார்? இந்தக் கேள்விக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் விடை தேடிய கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

பிரிட்டனில் இது வறுமையிலும் வரியிலும் தொடங்கிய கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 இல், புதிய பொருட்களின் மீது கொள்வனவு வரி வந்தது. போர் முடிந்த பிறகும் புதுக் கார் சாதாரண உழைப்பாளிக்கு எட்டவில்லை. ஆனால் பழைய ஒஸ்டின் செவன் கார்கள் மலிவாகக் கிடைத்தன. 1922 முதல் 1939 வரை தயாரான சின்னஞ்சிறு கார் அது. அதன் உக்கிப்போன உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, செசியின் மீது ஃபைபர் கிளாஸ் உடல் ஒன்றைப் பொருத்தினால் பந்தயக் கார் போன்ற ஒன்று வீட்டு முற்றத்தில் நிற்கும். அவற்றை 'ஸ்பெஷல்' என்றார்கள். பத்திரத்தில் அது பழைய ஒஸ்டின்தான். யாரும் அதைப் பெரிதாகக் கிளறவில்லை.

கொலின் சப்மன் 1957 இல் லோட்டஸ் செவனை வெளியிட்டபோது இந்தப் பழக்கம் ஒரு வியாபாரமாகவே வளர்ந்தது. முழுக் காராக விற்றால் வரி. பாகங்களாக விற்றால் வரி இல்லை. ஆனால் பொருத்தும் முறையை விளக்கும் கைந்நூலைக் கூடவே கொடுத்தால் அது காரை விற்றதாகிவிடும். ஆகவே கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, வாங்கியவரே அதைக் கடைசியிலிருந்து தலைகீழாக வாசித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள் என்றொரு கதை கார்ப் பிரியர்களிடையே பிரபலம். நம் மாணவர்கள் கணக்கின் விடையிலிருந்து பின்னோக்கி வருவது இதை வாசித்துத்தான் போலும்!

1973 ஏப்ரலில் கொள்வனவு வரி ஒழிந்து பெறுமதி சேர் வரி வந்தது. பாகங்களுக்கும் வரி என்றானதும் பணத்துக்காகக் கார் கட்டியவர்கள் குறைந்தார்கள். கட்டும் ஆசைக்காகக் கட்டியவர்கள் மிஞ்சினார்கள். அதே ஆண்டில் செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் லோட்டஸிடமிருந்து பெற்றது. இன்றும் அந்தக் காரைப் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம்.

இத்தனை காலமும் வீட்டில் கட்டிய காரை முதல் தடவை பதிவதற்கு முன் அதை உச்சி முதல் அடி வரை சோதிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. 1998 இல்தான் தனி வாகன அங்கீகாரம் என்ற சோதனை வந்தது. 2009 இல் இன்னும் கடுமையான சோதனை அதன் இடத்தைப் பிடித்தது. பெரிய கம்பனிகள் ஒரு மாதிரியை மோதிப் பார்த்து அனுமதி வாங்கி இலட்சக்கணக்கில் தயாரிக்கின்றன. ஒரேயொரு காரைக் கட்டியவனிடம் அதை மோதிக் காட்டு என்று கேட்க முடியாது. அதனால் பரிசோதகர் மோதாமலேயே, கண்ணாலும் கருவியாலும் அந்தக் காரை அளக்கிறார்.

இந்தச் சோதனையில் நம்மை மிகவும் கவர்ந்தது ஒரு பந்து. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்தப் பந்தைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டிப் பார்ப்பார்கள். பந்து தொடும் விளிம்புகள் கூராக இருக்கக்கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரையில் வளைந்திருக்க வேண்டும். உள்ளே மனிதத் தலையை மனதில் வைத்து இன்னும் பெரிய பந்து; அது டாஷ்போர்டின் ஆளிகளையும் ஓரங்களையும் தொட்டுப் பார்க்கும். ஓட்டுபவர் ஆசைப்பட்டுக் கட்டிய கார், அவர் விரும்பினால் அந்த அபாயத்தை ஏற்றுக்கொள்ளட்டும் என்று வாதிடலாம். ஆனால் வெளிப்புறப் பந்து ஓட்டுபவருக்கானதல்ல. வீதியைக் கடக்கும் பிள்ளையின் தொடைக்கும் முழங்காலுக்குமானது. பாடசாலை வாயிலில் காலையும் மாலையும் வாகனங்களுக்குக் கை காட்டி நிற்கும் நமக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

பிரேக், ஆசனப் பட்டி பூட்டிய இடத்தின் பலம், கண்ணாடியில் தெரியும் பரப்பு, விளக்குகளின் உயரம், சத்தம், புகை எல்லாம் பார்க்கப்படும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. புகையில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த அளவுகோல் என்பதை இயந்திரத்தின் வயது தீர்மானிக்கும். 1975 ஓகஸ்டுக்கு முந்திய இயந்திரம் என்று நிரூபித்தால் கண்ணுக்குத் தெரியும் புகை மட்டும்தான் பார்க்கப்படும். இதற்காகவே பழைய இயந்திரம் தேடித் திரிபவர்கள் இருக்கிறார்கள். சிலர் விளிம்புகளுக்கெல்லாம் றப்பர் பட்டி ஒட்டிச் சோதனையில் சித்தியடைந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உரித்துப் போடுவதும் நடக்கிறது. பரீட்சை முடிந்ததும் கொப்பியை எரிக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

அடுத்தது வயது. மாற்றிக் கட்டிய கார் தன் பழைய பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, பிரிட்டனின் பதிவுத் திணைக்களம் நெடுங்காலம் ஒரு புள்ளித் திட்டம் வைத்திருந்தது. செசிக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இயந்திரத்துக்கு வெறும் 1. மொத்தம் 8 கிடைத்தால் பழைய அடையாளம் தொடரும். இயந்திரம்தான் காரின் உயிர் என்று நம் கராஜ் பாஸ்மார் சொல்வார்கள். சட்டமோ எலும்புக்கூட்டைத்தான் ஆள் என்கிறது. இயந்திரம் எத்தனை தடவையும் மாறலாம், செசி நம்பர் மாறினால் வேறு கார். நம் நாட்டில் புத்தகத்திலுள்ள செசி நம்பரும் வாகனத்திலுள்ளதும் ஒத்துவராமல் அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பாகங்களும் புதிது, பழையது புதுப்பித்த ஒன்றே ஒன்று என்றால் புதுக் காருக்குரிய நம்பர் கிடைக்கும். ஒரே பழைய காரிலிருந்து இரண்டு முக்கிய பாகங்களாவது வந்ததைக் காட்டினால் அந்தக் காலத்துக்குரிய நம்பர். இரண்டும் இல்லாவிட்டால் கியூ. ஆகவே கார் கட்டுபவன் ஸ்பானரோடு சேர்த்துக் கோவையும் கமராவும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டும், ஒவ்வொரு கட்டத்தின் படமும் சாட்சி.

அமெரிக்காவில் கதை வேறு பாதையில் போனது. அங்கு வாகனத்தின் உரிமைப் பத்திரம் மாநிலங்களின் கையில். 1964 இல் கலிபோர்னியாவில் படகு கட்டத் தெரிந்த புரூஸ் மேயர்ஸ், ஃபைபர் கிளாஸில் மேயர்ஸ் மேன்க்ஸ் என்ற கடற்கரைக் காரைச் செய்தார். பின்னர் விற்பனைக்கு வந்த மாதிரியில் வொக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தை 14 அங்குலத்துக்கு மேல் வெட்டிக் குறுக்கி ஒட்டவைத்து, அதன் மேல் உடலைப் பூட்டினார்கள். பார்வைக்குப் பீட்டிலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்திரத்தில் மட்டும் அது பீட்டிலாகவே ஓடித் திரிந்தது.

இதில் ஏமாற்று என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கல் கோப்ராவில்தான் முற்றியது. 1962 இல் கெரொல் ஷெல்பி, பிரிட்டனின் ஏசி நிறுவனத்தின் இலேசான காருக்குள் ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தை வைத்துக் கட்டிய கார் அது. அசலாக வந்தவை ஏறத்தாழ ஆயிரம்தான். முதலாவது கோப்ரா 2016 இல் ஏலத்தில் 13.75 மில்லியன் டொலருக்குப் போனது. அசல் எட்டாத உயரத்துக்குப் போகப் போக, அதன் நகல்கள் அசலைவிடப் பல மடங்காகப் பெருகின. 1995 இல் மசாசுசெட்ஸில் தொடங்கிய ஃபெக்டரி ஃபைவ் நிறுவனம், பழைய ஃபோர்ட் மஸ்டாங்கின் பாகங்களைக் கொண்டே வீட்டில் கட்டக்கூடிய நகலை விற்றது.

நேற்றுக் கட்டிய நகலை '1965 கோப்ரா' என்று பதிந்துகொண்டவர்கள் அங்கு ஏராளம். அந்த ஒரு சொல்லால் எத்தனை இலாபம்! 1965 ஆம் ஆண்டுக் காருக்குப் புகைக் கட்டுப்பாடு இல்லை. 1968 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு நியமங்கள் இல்லை. பழசென்று பெறுமதி குறைத்துக் காட்டினால் வரியும் குறைவு. அடுத்து வாங்குபவன் விபரம் தெரியாதவனென்றால் அதுவும் இலாபம்.

கலிபோர்னியா இந்தப் பொய்க்கு ஒரு வித்தியாசமான மருந்து கண்டது. 2002 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, வீட்டில் கட்டிய கார்களுக்கு ஆண்டுக்கு 500 இடங்களை ஒதுக்கியது. இயந்திரத்தின் ஆண்டையோ, உடல் எந்தக் காரை ஒத்திருக்கிறதோ அதன் ஆண்டையோ புகைச் சோதனைக்கு உரிமையாளர் தெரிந்துகொள்ளலாம். எந்தக் காரையும் ஒத்திராத கற்பனைக் காரென்றால் 1960 ஆம் ஆண்டுக் காராகக் கொள்ளப்படும். 2024 வரை பிரேக்குக்கும் விளக்குக்கும் தனித்தனிச் சான்றிதழும் வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைப் பொலிஸாரின் பரிசோதனை, மாநிலம் வழங்கும் அடையாள எண் எல்லாம் வேண்டும். ஆனால் பத்திரத்தில் இது விசேடமாகக் கட்டப்பட்ட வாகனம் என்று பச்சையாக எழுதப்பட்டுவிடும். பொய்யால் திருடிக்கொண்ட சலுகையைச் சட்டம் உண்மைக்குக் கொடுத்தது. இப்படி யோசித்தவர் யாராயினும் பாராட்டத் தோன்றுகிறது. பொய்ப் பெயரில் முன்பே பதிந்தவர்களுக்கு 2011 ஜூலை தொடங்கி ஓராண்டுக்குப் பொதுமன்னிப்பும் வந்தது. வரியைக் கட்டி, காரின் உண்மைப் பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ளலாம்.

500 போதவில்லை. அந்த இடங்களைத் தேடி ஜனவரியின் முதல் வேலைநாளில் விடியற்காலையிலேயே கோவையோடு கந்தோர் வாசலில் காத்திருந்தவர்கள் உண்டு.

சிறு கம்பனிகளுக்கு 2015 இல் மத்திய அரசு வேறொரு கதவைத் திறந்தது. 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் நகலை, ஆண்டுக்கு 325 வரை, முழுமையாகக் கட்டி விற்கலாம். இயந்திரம் மட்டும் இன்றைய புகை நியமத்துக்கு அடங்க வேண்டும். சட்டம் வந்துவிட்டதே தவிர, அதற்கான விதிகளை எழுதாமல் திணைக்களம் இழுத்தடித்தது. தொழிற்றுறையினர் 2019 இல் வழக்குத் தொடுத்தார்கள். விதிகள் வெளிவர 2022 ஆனது. வீட்டுக் கராஜில் தனியாளாகக் கட்டுபவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவன் இன்னமும் தன் மாநிலத்தின் வரிசையில்தான் நிற்கிறான், பற்றுச்சீட்டுக் கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.