விளிம்பில் ஒரு மனு

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் புழங்கிய வெள்ளிக் காசுகளில் முழு வட்டமான ஒன்றைக் காண்பது அரிது. சுத்தியலால் அடித்துச் செய்த காசுகள் அவை. அடிக்கும்போதே கோணலாக விரியும். ஓரம் எங்கே முடிய வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து, வெள்ளியை உருக்கிச் சேர்ப்பதைத் தொழிலாகவே செய்தவர்கள் இருந்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும். அப்படியும் வெட்டு நிற்கவில்லை.

இதற்கு மருந்து கண்டவர் பியர் புளோந்தோ என்ற பிரெஞ்சுக்காரர். காசை எந்திரத்தில் அழுத்தி அச்சிடுவதோடு, அதன் விளிம்பைச் சுற்றி எழுத்துகளைப் பதிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்துள்ள விளிம்பில் கத்தரி பட்டால் உடனே தெரிந்துவிடும். அந்த வித்தையை அவர் ரகசியமாகவே வைத்திருந்தார். மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிவிட்டுக் குடியரசாக இருந்த இங்கிலாந்து, 1649இல் அவரை லண்டனுக்கு வரவழைத்தது. நாணயச்சாலைக்காரர்கள் இந்த அந்நியரை எளிதில் உள்ளே விடவில்லை. ஆனாலும் 1656, 1658ஆம் ஆண்டுகளில், அப்போது நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் உருவம் தாங்கிய காசுகள் அவருடைய முறையில் அச்சாயின.

அந்த அச்சுகளைச் செதுக்கியவர்தான் தாமஸ் சைமன். முத்திரை வெட்டுவதில் அந்நாட்டில் அவருக்கு இணையில்லை. 1650இல் டன்பார் போர் வெற்றிக்குப் பதக்கம் செய்யவேண்டி வந்தபோது, கிராம்வெல்லை நேரில் பார்த்து வரைவதற்காக ஸ்காட்லாந்துவரை போனவர். அவர் செய்த 1658ஆம் ஆண்டு கிரவுன் என்னும் வெள்ளிக் காசின் விளிம்பில், இந்த எழுத்துகளை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் சாவு என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஓடுகிறது. அச்சு விண்டுபோனதால் அந்தக் காசில் கிராம்வெல்லின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். அடிக்க அடிக்க அது வளர்ந்தது. மன்னராட்சி திரும்பியபின், 1661 ஜனவரியில் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தலையைத் துண்டித்தார்கள். அந்தக் கோட்டையும் இதையும் சேர்த்துப் பேசாத சேகரிப்பாளர் இல்லை.

1660இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பினார். தந்தையைக் கொன்றவர்களுக்கு முத்திரை வெட்டிய கை என்று சைமனை அவர் துரத்திவிடவில்லை. புதிய ஆட்சியின் முதல் காசுகளுக்கு அச்சு வெட்டியவரும் சைமன்தான். ஆனால் ஆண்ட்வெர்ப் நகரத்துப் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றுக்கு அரசர் கடன்பட்டிருந்தார் என்பார்கள். நாடிழந்து அலைந்த காலத்தில் கைகொடுத்த குடும்பம் அது. அதன் பிள்ளைகளான ரோட்டியர் சகோதரர்கள் லண்டன் நாணயச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

எந்திரக் காசுக்கு மாறுவது என்று முடிவானதும், சைமனும் ஜான் ரோட்டியரும் சேர்ந்து அச்சு செய்ய வேண்டும் என்றார்கள். சைமன் சேரவில்லை. யார் கை உயர்ந்தது என்ற போட்டி இருவருக்கும் இடையே மூண்டிருந்தது. ரோட்டியர் வேலையை முடித்துக் கொடுத்தார். 1662ஆம் ஆண்டின் கிரவுன் காசு அவருடைய அச்சில்தான் வெளிவந்தது.

மறு ஆண்டு சைமன் தம் பங்குக்கு ஒரு மாதிரிக் காசைச் செய்தார்.

புதிதாக வெளியிட நினைக்கும் காசு எப்படி இருக்கும் என்று மேலிடத்துக்குக் காட்ட, நாணயச்சாலைகள் சிலவற்றை மட்டும் அடித்துப் பார்ப்பது வழக்கம். ஒப்புதல் கிடைத்தால் அது லட்சக்கணக்கில் பெருகும். கிடைக்காவிட்டால் அந்தச் சிலவற்றோடு முடிந்துபோகும். சைமன் காட்டியதை யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு பக்கம் அரசரின் தலை, அதன் கீழே சைமன் என்று அவருடைய கையெழுத்து. மறுபக்கம் சிலுவைபோல் நான்கு கேடயங்கள், நடுவில் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ். விரல் நகத்துக்குள் அடங்கிவிடும் அந்தக் குதிரைவீரனைப் பெரிதாக்கிய படத்தில் பார்க்கும்போதெல்லாம், இதை எந்தக் கண்ணால் வெட்டினாரோ என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

விளிம்பு அதைவிட வியப்பு. 150க்கும் மேற்பட்ட எழுத்துகள், இரண்டு வரிசையில் காசைச் சுற்றி ஓடுகின்றன. தாமஸ் சைமன் மிகப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறார். இந்தச் சோதனைக் காசை டச்சுக்காரருடையதோடு (ரோட்டியரைத்தான் சொல்கிறார்) அரசர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உருவம் இதில் இன்னும் மெய்யாகவும், புடைப்பு இன்னும் அழகாகவும், அமைப்பு இன்னும் நயமாகவும், செதுக்கல் இன்னும் துல்லியமாகவும் இருந்தால் தம் துயரைத் தீர்க்க வேண்டும். சாரம் இதுதான். திருடனை மிரட்டுவதற்காகக் கண்டுபிடித்த விளிம்பெழுத்தை ஒரு கலைஞர் தம் வழக்கைச் சொல்லப் பயன்படுத்தினார். வாதமும் அதிலேயே இருக்கிறது, சான்றும் அதிலேயே இருக்கிறது. இவ்வளவு சிறிய எழுத்தை இவ்வளவு தெளிவாக வெட்டக்கூடியவன் நான் என்று அந்த விளிம்பே சொல்லிவிடுகிறது. அதே அச்சில் வேறு விளிம்போடும் சில காசுகள் உண்டு. சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்ற விவிலிய வாசகமும், மேகத்திலிருந்து வெளிப்படும் சூரியனும் அவற்றில் இருக்கின்றன.

அரசர் மனம் மாறவில்லை. 1665இல், லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடிய ஆண்டில், சைமன் இறந்தார்.

பிற்காலத்துச் செதுக்குக் கலைஞரான ஜார்ஜ் வெர்ட்யூ, சைமனின் காசுகளையும் பதக்கங்களையும் முத்திரைகளையும் செப்புத் தகடுகளில் வரைந்து 1753இல் நூலாகவே வெளியிட்டார். மனுவைத் தாங்கிய வெள்ளிக் காசுகள் இன்று சுமார் பதினைந்துதான் இருப்பதாகச் சேகரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏலத்துக்கு வந்தால் விலை லட்சக்கணக்கான பவுண்டில் போகும். அருமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. இதைவிட எண்ணிக்கை குறைந்த மாதிரிக் காசுகள் எத்தனையோ உண்டு. அவற்றைச் செய்தவர் பெயர்கூட வாங்குகிறவருக்குத் தெரியாது. இங்கே செய்தவரே பேசுகிறார். அரசரிடம் கேட்ட கேள்வி அடுத்தடுத்து வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்கப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸும் ஒருவர். 1663 மார்ச் 9ஆம் தேதி நாணயச்சாலை அதிகாரி ஒருவர் விருந்தில் புதிய காசுகளைக் காட்டினார். ரோட்டியரும் அங்கே இருந்திருக்கிறார். ரோட்டியர் செய்த அரசர் உருவத்தையும் சைமன் முன்பு செய்த கிராம்வெல் உருவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இனிமையில் ரோட்டியர் உயர்வு, ஆனால் ஆளை அப்படியே காட்டுவது சைமனுடையது என்று பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. ரோட்டியரின் அரசர் வழவழப்பானவர். சைமனுடைய அரசருக்கு முடிக்கற்றைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. கனத்த கன்னமும் வாயோரத்து மடிப்பும் முப்பத்து மூன்று வயதிலேயே களைத்துப்போன ஒரு மனிதரைக் காட்டுகின்றன. இந்த நுணுக்கம் லட்சம் காசு அடிக்கும் அச்சில் தாங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. அன்றாடப் புழக்கத்துக்கு ரோட்டியரின் வேலையே தோது என்று நாணயச்சாலை நினைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு. தேய்ந்த 1662 கிரவுன் ஒன்று இன்றும் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். சைமனின் காசுக்கு வழியில்லாதவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள மனுக் காசின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.